சிரிக்க ஒரு நாவல், அழ ஒரு நாவல்: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கும்பகோணத்தில் பிறந்து 2003-ல் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வந்தவள். இங்கே நம் சனங்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் கோயில் கூடத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும்போது துணிப்பையில் ஏழெட்டு நாவல்களைத் தூக்கிக்கொண்டு போவேன், கேட்பவர்களுக்குக் கொடுப்பேன். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது வாட்ஸப்பிலும் கேட்கிறார்கள், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச (இங்கே போரிட்ஜ் பிரேயர் என்றால்தான் எல்லாருக்கும் புரியும்) பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறார்கள், அதுவும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். நான் விமர்சகி இல்லை, பஸ்ஸிலும் படுக்கையிலும் படிக்கிறவள். என் அபிப்பிராயம் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.

பெண்கள் நாவல்னா என்னக்கா? பொம்பளைங்க எழுதினதா, பொம்பளைங்க படிக்கிறதா?

இரண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. கதையின் நடுவில் ஒரு பெண் இருக்க வேண்டும், வீட்டுக்குள் நடப்பதையே அந்தக் கதை பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மாமியார், நகை, வேலைக்குப் போவது, போகவிடாதது, பிள்ளை பிறப்பது, பிறக்காதது, இதெல்லாம்தான். ஆண்கள் எழுதியதிலும் நல்லவை உண்டு, என் பையில்தான் இடம் இல்லை.

இது புதுச் சரக்கும் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-லேயே 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பித்துவிட்டார், 115 நாவல்கள் எழுதினார். அவருடைய முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல தோழி ஒருத்தி எழுதிக் கொடுத்தாளாம். தமிழ் எழுத வரவில்லை என்று வெட்கப்படுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அழுகைக் கதை வேண்டாம், லேசா ஒண்ணு குடுங்க. எதை எடுக்கட்டும்?

ரமணிச்சந்திரன். நூற்றுக்கும் மேல் எழுதியிருக்கிறார், எதை எடுத்தாலும் பெரிதாக ஏமாற மாட்டீர்கள். மானமுள்ள ஒரு பெண், மிடுக்கான ஒருவன், நடுவில் ஒரு தப்பெண்ணம், கூட்டுக் குடும்பத்தில் கொஞ்சம் சூழ்ச்சி செய்கிற ஒருத்தி. கடைசி இருபது பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஒரே மூச்சில் மூன்றைப் படிக்காதீர்கள், அப்புறம் யாருக்கு யார் புருஷன் என்று குழம்பிவிடும்.

ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் 1996-ல் வந்த 'பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி'. எடையும் சிகரெட்டும் குடித்த கோப்பைகளும் எண்ணி எண்ணி எழுதுகிற லண்டன்காரி. முதலில் பத்திரிகையில் பத்தியாக வந்தது, அதனால்தான் எங்கே திறந்தாலும் படிக்கலாம்.

முடிவுதான் முன்னாடியே தெரியுதே, அப்புறம் எதுக்குப் படிக்கணும்?

தெரிவதால்தான். டர்பன் இருக்கிற இந்த நேட்டால் பக்கம் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்கிறார்களே, நம் தெருக்கூத்துதான், அதைப் பார்க்க ராத்திரி முழுக்கப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்த பெரியவர்கள் யாருக்கும் திரௌபதி கூந்தலை முடிவாளா மாட்டாளா என்று சந்தேகமே இருந்ததில்லை. எப்படி முடிகிறாள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள்.

என் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எழுபத்தாறு வயது. டர்பன் நகராட்சியில் வேலை செய்த இந்தியர்களின் குடியிருப்பான மேகசின் பராக்ஸில் பிறந்து, அங்கிருந்த நம் சனங்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது சின்னப் பெண்ணாக இங்கே வந்தவர். துணி ஃபேக்டரியில் மெஷினில் உட்கார்ந்து முப்பது வருஷம் சட்டைக் காலர் தைத்தார். அத்தனை வருஷமும் பஸ்ஸில் மில்ஸ் அண்ட் பூன். 1908-ல் லண்டனில் ஆரம்பித்த அந்தப் பதிப்பகம் முதலில் எல்லாவிதமான புத்தகமும்தான் போட்டுக்கொண்டிருந்தது, காதல் கதைக்கென்றே ஆனது அப்புறம்தான். ஆன்ட்டி பிரவுன் பேப்பர் அட்டை போட்டுக் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார். ஏன் என்று கேட்டேன். "நாள் பூரா சூப்பர்வைசர்கிட்ட ஏச்சு வாங்கிட்டு வர்றேன். இவளாவது நல்லா இருக்காளான்னு மொதல்ல பார்த்துக்குவேன், அப்புறம் நிம்மதியா படிப்பேன்." இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இருண்ட கதைன்னா கடைசியில எல்லாரும் செத்துப் போவாங்களா?

சாவது பல நேரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், அதோடு கதை முடிந்துவிடும். நிஜமாகவே இருண்ட கதையில் அவள் உயிரோடு இருப்பாள், மறுநாள் காலையில் எழுந்து அதே அடுப்பைப் பற்றவைப்பாள். அதுதான் நெஞ்சில் உட்கார்ந்துவிடும்.

இதற்கு ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்', தீப்பெட்டி வேலைக்குப் போகிற குழந்தைகளைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்'. எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்துக்கே போய் அந்த சனங்களோடு பழகிப் பேசிவிட்டு வந்து எழுதுவார், அது வரிக்கு வரி தெரியும். உப்பு தின்ற கால் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து யோசித்து எழுத முடியாது. 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்திய அகாடமி விருது வாங்கினார். அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்து 2014-ல் போய்ச் சேர்ந்தார், அதை யாராவது நாவலாக எழுதியிருந்தால் ரொம்பத்தான் இருட்டு என்று மூடி வைத்திருப்போம்.

லட்சுமி நம்ம ஊர்ல இருந்தவங்கன்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான். இதைக் கேட்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். எழுத்தாளர் லட்சுமியின் சொந்தப் பெயர் திரிபுரசுந்தரி, படித்தது டாக்டருக்கு. படிப்புக்குப் பணம் போதாமல் ஆனந்த விகடனுக்குக் கதை எழுதி அந்தச் சம்பாத்தியத்தில் படிப்பை முடித்தவர். கல்யாணத்துக்கு அப்புறம் 1955-ல் தென்னாப்பிரிக்கா வந்து, இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு 1977-ல் சென்னைக்குத் திரும்பினார். எந்தத் தெருவில் யார் வசிக்கலாம் என்று சட்டம் போட்டு நம் ஆட்களைப் பெயர்த்து எறிந்துகொண்டிருந்த காலம் அது, ஆன்ட்டி வீடு மாறி வந்ததும் அந்தக் காலத்தில்தான். திரும்பிப் போன பிறகு 1984-ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்திய அகாடமி விருது கிடைத்தது.

அவர் கதைகள் லேசா, கனமா என்று அடுத்த கேள்வி வரும். நடுவில். நாயகி பாதிக்கதை வரை படாத பாடு படுவாள், கடைசியில் பெரும்பாலும் கரையேறிவிடுவாள். அவருடைய 'பெண் மனம்'தான் 1963-ல் சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்து 'இருவர் உள்ளம்' ஆயிற்று, கதை தெரியாது என்கிறவர்களுக்குக்கூடப் பாட்டு தெரிந்திருக்கும். எனக்கு அவரிடம் பிடித்தது, அவருடைய பெண்கள் படிப்பார்கள், சம்பளம் வாங்குவார்கள், அந்தச் சம்பளத்தால் வீட்டில் என்ன மாறுகிறது என்பதும் கதையில் வரும். கதை எழுதிக் காலேஜ் ஃபீஸ் கட்டினவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

சோகமா இருந்தாத்தான் நல்ல இலக்கியம்னு என் மவன் சொல்றான். நான் படிக்கிறது குப்பையாம்.

உங்கள் மகன் யுனிவர்சிட்டி முதல் வருஷம்தானே, சரியாகிவிடும். ஆனால் கேள்வி நியாயமானது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. என் அம்மா எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் சணல் கோத்துத் தைத்து, மேலே முருகன் காலண்டர் தாளை ஒட்டினது. பத்திரிகையில் அடித்திருந்த கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிட்டது. முதல் அத்தியாயம் போய்விட்டதால் தலைப்பும் இல்லை, எழுதினவர் யார் என்றும் தெரியாது. சில பக்கத்தின் பின்புறம் சோப்பு விளம்பரம், ஒன்றில் ரவா லட்டு செய்முறை பாதி. கதை லேசானதுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற ஒருத்தி, வேலை போன புருஷன், வாய்த்துடுக்கான மாமியார், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. ஆனால் பால்காரனுக்கு 42 ரூபாய் பாக்கி என்பது மூன்றாவது அத்தியாயத்தில் வருகிறது, ஏழாவதில் அது 58 ஆகிறது, பத்தாவதில் மாமியார் தன் வெள்ளி விபூதிச் சம்படத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய் அதை அடைத்துவிட்டு, வழக்கம்போல மருமகளைத் திட்டுகிறாள். நான் சிரித்துக்கொண்டே அழுத இடம் அது.

அதிலிருந்துதான் எனக்கு ஒரு கணக்கு வந்தது. கதையில் காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எழுதினவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அது சிரிப்புக் கதையாக இருந்தாலும் பொய் இல்லை. வாடகை யார் தருகிறார்கள் என்றே தெரியாமல் நாயகி நானூறு பக்கம் ஜன்னலோரம் நின்று துயரப்படுகிறாள் என்றால், அது எவ்வளவு இருட்டாக இருந்தாலும் எனக்கு அது ஜோடனைதான். ரமணிச்சந்திரன் நாயகன் பெரும்பாலும் பணக்காரன், அங்கே என் கணக்கு தோற்றுவிடும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ராஜம் கிருஷ்ணன் கதையில் கூலி எத்தனை என்பது தெரியாமல் ஒரு பக்கம் நகராது.

என் வீட்டுக்காரர் படிக்கலாமா?

தாராளமாக. அடுத்த சனிக்கிழமை பையையும் அவரையே தூக்கச் சொல்லுங்கள்.

அவன் அவளை அறையறான், அப்புறம் அவனையே கட்டிக்கிறா. இதுவா லேசான கதை?

ஆகஸ்ட் 9, இந்த நாட்டு மகளிர் தினக் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் கேட்டது இது. கூடம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. 1956-ல் இதே தேதியில் இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவில் ஊர்வலமாகப் போய் பாஸ் சட்டத்தை (கறுப்பின மக்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாடக் கூடாது என்ற சட்டம்) எதிர்த்தார்கள் என்று அப்போதுதான் பேசி முடித்திருந்தோம், உடனே இந்தக் கேள்வி.

எனக்கும் பதில் சுலபமாக வரவில்லை. கையைப் பிடித்து இழுப்பதும், சந்தேகப்பட்டு அறைவதும், கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுவதும் காதல்தான் என்று சொல்லும் லேசான நாவல்கள் தமிழில் நிறைய, பழைய மில்ஸ் அண்ட் பூன்களிலும் குறைவில்லை. இருண்ட கதையில் அதே அறை விழுந்தால் அது அறை என்றே பெயர் பெறும். லேசான கதையில் அதற்குக் கோபம், உரிமை, பொஸஸிவ் என்று வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள். அதனால் என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட நாவல்தான் இருக்கிறதிலேயே இருட்டு. நான் அவற்றைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். முடிவு சுபமாக இருந்தால் போதும் என்று ஆன்ட்டியை வைத்து மேலே சொன்னேனே, அவரிடமே இதைக் கேட்டேன். "அந்த மாதிரி பொஸ்தகம் வந்தா நான் பஸ்ஸிலேயே விட்டுட்டு எறங்கிடுவேன்" என்றார்.

நம்ம ஊருப் பொம்பளைங்க எழுதினது இல்லையா? தமிழ்ல இல்லாட்டியும் பரவாயில்ல.

நிறைய இருக்கிறது, நம் ஆட்கள்தான் பார்ப்பதில்லை. சிரிக்க வேண்டுமா, சுகிஸ்வா வானர் எழுதி 2006-ல் வந்த 'தி மேடம்ஸ்'. வேலைக்குப் போகிற கறுப்பினப் பெண் ஒருத்தி வீட்டு வேலைக்கு வெள்ளைக்காரியை அமர்த்துகிறாள், அவ்வளவுதான் முடிச்சு. இந்த நாட்டில் வளர்ந்த யாருக்கும் அதைக் கேட்டதுமே சிரிப்பு வரும், கொஞ்சம் வயிற்றையும் கலக்கும். சிந்தியா ஜெலேயின் 'ஹாப்பினஸ் இஸ் எ ஃபோர் லெட்டர் வேர்ட்' (2010) ஜோகன்னஸ்பர்க்கில் நான்கு தோழிகள் கதை, 2016-ல் படமாகவும் வந்தது.

கனமானது என்றால் சிந்திவே மகோனாவின் 'மதர் டு மதர்' (1998). 1993-ல் கேப்டவுன் குகுலேத்துவில் ஏமி பீல் என்ற அமெரிக்க மாணவியை ஒரு கும்பல் கொன்றது. கொன்றவர்களில் ஒருவனின் தாய், இறந்தவளின் தாய்க்கு எழுதுவது மாதிரியான நாவல். ஒரே நாளில் படிக்காதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஆக்னஸ் சாம். 'ஜீஸஸ் இஸ் இந்தியன்' 1989-ல் வந்த சிறுகதைத் தொகுப்பு. கான்வென்ட் பள்ளிக்கும் அம்மாவின் பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணின் கதைதான் அந்தத் தலைப்பில் இருப்பது. அம்மாவை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையே பள்ளிக்கூடம் திருத்தப் பார்க்கும். படிக்கும்போது எனக்கு என் மகளின் முதல் ஸ்கூல் ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. டர்பன் பெண் ஷுப்னம் கானின் 'ஆனியன் டியர்ஸ்' (2011) மூன்று தலைமுறைப் பெண்களும் சமையலுமாகப் போகும், வெங்காயம் உரிக்கிற மாதிரிதான், எப்போது கண்ணில் தண்ணி வந்தது என்றே தெரியாது.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். எனக்கு எது சரிப்படும்?

லேசான நாவல்தான், சந்தேகமே இல்லை. பாதிக்கு மேல் பேச்சாகவே போகும், வாக்கியம் சின்னது, ஒரு பக்கம் புரியாவிட்டாலும் அடுத்த பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம். ராஜம் கிருஷ்ணனை முதலில் எடுக்காதீர்கள், தூத்துக்குடிப் பேச்சு வழக்கு எனக்கே அங்கங்கே தடுக்கும். ஆனால் அவருடைய புத்தகங்கள் 2009-ல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிக்கலாம். நடுவே ஒரு படி வேண்டுமென்றால் ஆர். சூடாமணியின் சிறுகதைகள். சத்தமே போடாமல் எழுதுவார், பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு வழி, படிக்காமல் கேட்பது. லோட் ஷெட்டிங் (நம்மூர் மின்வெட்டுதான்) உச்சத்தில் இருந்தபோது ஆன்ட்டி வீட்டில் ஒரு சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு நான் படிக்க நான்கு பேர் கேட்பார்கள். தமிழ் புரியும், படிக்க வராது என்கிற ஆன்ட்டிதான் எல்லாரையும்விடக் கவனமாகக் கேட்டார். கரண்ட் வந்ததும் யாராவது டிவியைப் போட்டால் திட்டு விழும்.

மனசு சரியில்லாதப்ப எதைப் படிக்கலாம்? சிரிக்கிறதுதானே நல்லது?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2020 மார்ச் கடைசியில் இங்கே ஊரடங்கு போட்டார்கள், ஏப்ரலில் கும்பகோணத்தில் அப்பா போய்விட்டார். விமானம் இல்லை. போனில் பார்த்தேன், அதுவும் நடுவில் நின்று நின்று. அந்த வாரம் ஒரு லேசான நாவலைப் பிரித்தேன், நாயகி மாலையும் கழுத்துமாக நின்றதைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது, மூடிவிட்டேன். 'கரிப்பு மணிக'ளை எடுத்தேன். அழுகை வரவில்லை, ஆனால் மூச்சு விட முடிந்தது. அந்த உப்பளத்தில் யாரும் என்னிடம் "தைரியமா இரும்மா" என்று சொல்லவில்லை.

இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆன்ட்டி தன் புருஷன் இறந்துபோன மாதத்தில் பதினோரு மில்ஸ் அண்ட் பூன் படித்தாராம். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எது கைக்குப் போகிறதோ அது.

அந்த பைண்டு பொஸ்தகத்துக் கதை கடைசியில என்னதான் ஆச்சுக்கா?

தெரியாது. கையில் இருக்கிற கடைசிப் பக்கத்தில், வேலை மாற்றலாகி வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அவள் மாவு டப்பாவுக்கு அடியில் வைக்கிறாள், மாமியார் பின்னால் வந்து நிற்கிறாள். கீழே 'அடுத்த இதழில் முற்றும்' என்று இருக்கிறது. அந்த இதழ் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை என்று அம்மா சொல்வாள், பக்கத்து வீட்டு மாமி வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை என்று அப்பா சொல்வார்.

விளக்கு வெளிச்சத்தில் இதைப் படித்த ராத்திரி ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். புருஷனுக்கு வேலை கிடைத்துவிடும் என்று ஒருத்தி. கடிதத்தை மாமியார் கிழித்துப் போட்டுவிடுவாள் என்று இன்னொருத்தி, அவளுக்கு அவள் மாமியார் ஞாபகம். என் மகள், அவள் தனியாகப் போய்விட வேண்டும் என்றாள். ஆன்ட்டி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மாமியாரும் கூடப் போவா. அந்த விபூதிச் சம்படத்தை மீட்கணும்ல" என்றார்.

சென்னையில் பழைய பத்திரிகை சேர்க்கிற ஒருவரைத் தெரியும், தேடித் தரட்டுமா என்று போன மாதம் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புத்தகம் இப்போது டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு அக்காவிடம் இருக்கிறது, அவருக்கு அப்புறம் வரிசையில் மூன்று பேர். சணல் தளர்ந்திருக்கிறது, பார்த்துப் பிரியுங்கள்.